அடையாளம் சொன்னவன் நான்

அந்த வருஷ கிறிஸ்துமஸுக்கு அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒரே மாதிரி புடவை எடுத்தது என் யோசனை. அத்தை என்றால் அக்காவின் மாமியார். இரண்டு பேருக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆனால் எதிலும் ஒருவரை ஒருவர் அளந்துகொண்டே இருப்பார்கள். முந்தின வருஷம் அம்மாவின் புடவையில் பார்டர் அகலமாக இருந்தது என்று அத்தை பொங்கல் வரைக்கும் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் இந்தத் தடவை செங்கல்பட்டு பஜாரில் ஒரு கடையில், கத்தரிப்பூ நிறத்தில் பச்சை பார்டர் போட்டதாக, ஒரே அடுக்கிலிருந்து இரண்டை உருவிக்கொண்டு வந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செங்கல்பட்டில் ரோட்டோரம் ஒரு டயர் கடையில் பில் போடும் வேலை. அப்பா இறந்து நாளாகியிருந்தது. அம்மாவும் நானும் படாளத்தில் இருந்தோம். அக்காவைக் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றில் கொடுத்திருந்தது. மாமா காண்ட்ராக்டில் குடியிருப்புகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அவர்கள் வீடு மீனவர் குப்பத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் இருந்தது. வாசலில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் அக்கா வீட்டில் இருந்தோம். இரண்டு பேரும் புதுப்புடவை கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னா தம்பி, பேண்டு வாசிக்கிறவங்க மாதிரி ரெண்டு பேருக்கும் ஒரே உடுப்பு வாங்கினு வந்துகீற?"

அம்மாவே சிரித்துவிட்டாள். மாமா சாப்பிட்ட கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். அன்று முழுவதும் ஆளாளுக்கு "பேண்டு செட்டு" என்றே அவர்களைக் கூப்பிட்டோம்.

மறுநாள் ஞாயிறு. கடை மதியம் வரைக்கும் உண்டு என்பதால் நான் கிறிஸ்துமஸ் சாயங்காலமே கிளம்பினேன். அம்மாவும் பையை எடுத்தாள். அத்தை விடவில்லை.

"காலையில மீன்புடி போட்டு கரைக்கு வரும். நல்ல மீனா வாங்கி கொழம்பு வெக்கலாம். சர்ச்சுக்குப் போயிட்டு வந்து சாப்ட்டுட்டு அப்பால போ சம்மந்தி."

அம்மா என்னைப் பார்த்தாள். "இரும்மா, திங்கட்கெழம வந்து கூட்டினு போறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சினேகிதர்களோடு சினிமாவுக்குப் போகலாம் என்று நான் நினைத்திருந்தது அம்மாவுக்குத் தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் கடைக்கு ஒரு லாரி வந்தது. பின் சக்கரங்களுக்கு நடுவில் வலைத்துண்டு ஒன்று சிக்கியிருந்தது. டிரைவர் இறங்கி நின்றார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"கடலு ரோட்டுக்கு வந்துட்ச்சிபா" என்றார். "நான் ரிவர்ஸ்லயே வந்தேன். கட்டுமரம் ஒண்ணு வூட்டு மேல கீது."

"எந்த எடம்ண்ணா?"

அவர் சொன்ன இடம் அக்காவின் ஊருக்கு அடுத்தது.

அக்கா வீட்டில் போன் கிடையாது. எதிர்க்கடையின் நம்பர் என்னிடம் இருந்தது. போட்டுப் பார்த்தேன், மணியே போகவில்லை. நாலாவது தடவை போடும்போது முதலாளி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி வைத்துவிட்டு அவருடைய பைக் சாவியைக் கொடுத்தார். "போ, வழியில நிக்காத" என்றார்.

திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை எல்லாம் சாதாரணமாக இருந்தது. டீக்கடைகளில் ஆட்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். லாரி டிரைவர் குடித்திருப்பாரோ என்றுகூட நினைத்தேன். அதற்கப்புறம் எதிரே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் இரண்டு மூன்று பேர், அப்புறம் ரோடு முழுக்க. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நைட்டியோடு ஓடிவந்த ஒரு பெண் என் வண்டியை மறித்தாள். "போவாதீங்க, திரும்பவும் வருதாம்!" என்று கத்தினாள். கூட்டம் மொத்தமும் ஒரு நொடி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஓடியது. பைக்கை ஒரு வேலியோரம் தள்ளிவிட்டு நடந்தேன்.

அக்காவை மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே சேறு. மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு மாடிக்கு ஏறியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"ரெண்டு பேரும் மீன் வாங்கப் போனாங்கடா. வந்து பொடவ மாத்தினா சர்ச்சுக்கு லேட்டாவும்னு புதுப் பொடவையக் கட்டிகினே போனாங்க."

"ரெண்டு பேருமா?"

"சேந்துதான் போனாங்க. சண்ட போட்டுகினே போனாங்க."

சற்று நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். ஞாயிறு வேலைக்குப் போனவர். வேலை செய்த இடத்திலிருந்து ஓடியே வந்திருந்தார், சட்டையில் பெயின்ட். அக்கா அவரிடமும் அதையே சொன்னாள். அவர் மகளின் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நான் கரையோடு வடக்கால போறேன். அந்தப் பக்கம் சவுக்குத் தோப்புல கொஞ்ச பேரு ஏறி நின்னுகினு இருக்காங்களாம். நீ..." என்று நிறுத்தினார். நான் எங்கே போக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குப்பத்துக்குப் பின்னால் ஒரு மைதானத்தில் கிடைத்தவர்களையெல்லாம் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மைதானத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பில்லை. பாதிக்கு மேல் குழந்தைகளும் பெண்களும். பாய், தார்ப்பாய், பாய்மரத் துணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போர்த்தியிருந்தார்கள். ஆட்கள் வரிசையாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார்கள். யாருக்காவது அடையாளம் தெரிந்துவிட்டால் ஒரு சத்தம் கேட்கும். மற்றவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். தெற்கு மூலையில் ஜேசிபி ஒன்று மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையில், தார்ப்பாய்க்கு வெளியே ஒரு முழம் கத்தரிப்பூ நிறத் துணி தெரிந்தது. பச்சை பார்டர்.

தார்ப்பாயைத் தூக்கினேன். முகம் இடது பக்கமாகத் திரும்பி, வீங்கி, மணல் அப்பிப் போயிருந்தது. தலைமுடி முகத்தின் மேல் ஒட்டியிருந்தது. அதை விலக்க வேண்டும் என்று கையைக் கொண்டுபோனேன். விலக்கவில்லை. திரும்ப மூடிவிட்டேன்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மூச்சை இழுத்து விடும் நேரம்தான் இருக்கும். நான் பார்த்தது புடவையை. அந்தப் புடவையை அம்மா முந்தின நாள் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது கண்ணில் இருந்தது. அதற்கு மேல் வேறு எதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதே புடவையில் இன்னொருத்தியும் கரைக்குப் போயிருந்தாள் என்பது, வாங்கிக்கொடுத்த எனக்கு, அந்த நிமிஷத்தில் நினைவுக்கே வரவில்லை. இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்கே நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நோட்டோடு ஒருவர் வந்தார். "தெரிஞ்சவங்களா?"

"எங்கம்மா."

"பேரு, வயசு, ஊரு சொல்லுபா."

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"சார், எங்கக்கா மேல பள்ளிக்கூடத்துல இருக்குது. கூட்டினு வந்துடறேன். படாளத்துக்குக் கொண்டுபோவணும்."

அவர் என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். கண்கள் சிவந்திருந்தன. "வண்டி எதுவும் வராதுபா. வெயில் ஏறுது. எல்லாரையும் உடனே மண்ணுல வெச்சிடச் சொல்லிட்டாங்க. கூட நின்னு பார்த்துக்கோ, அதுவே பெரிசு" என்றார்.

நின்று பார்த்தேன். நான்கு பேர் தார்ப்பாயோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஏற்கெனவே பலர் இருந்த பள்ளத்தில் இறக்கினார்கள். கைநிறைய மணல் எடுத்துப் போட்டேன். ஜெபம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து தினமும் சொல்கிற ஜெபம், பாதியில் மறந்துவிட்டது. தன் குழந்தையை அதே பள்ளத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு மீனவர் என் தோளைத் தட்டினார். ஜேசிபி மணலைத் தள்ளியது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய் அக்காவிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். "என்னக் கூப்புடாம வெச்சிட்டியாடா?" என்று என் மார்பில் அடித்தாள். மாமா வடக்குப் பக்கம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார். அவர்தான் அக்காவின் கைகளைப் பிடித்து விலக்கினார். என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், எங்கிருந்தோ ஒரு டம்ளர் டீ வாங்கி வந்து குடிக்கச் சொன்னார்.

"மனச விடாத மச்சான். உங்கம்மாவ நீ கையால மண்ணு போட்டு வெச்சிட்ட. எங்கம்மா எங்க கீதுன்னே எனக்குத் தெரியல."

பொழுது சாய்கிற வரைக்கும் அவர் தேடினார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு இடத்திலும் "கத்தரிப்பூ பொடவ, பச்ச பார்டர்" என்று சொல்லித்தான் விசாரித்தோம். என் வாயாலும் அதைத்தான் சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மாமாவுக்கும் உறைக்கவில்லை. அல்லது அவருக்கு உறைத்து, கேட்கப் பயந்தாரோ என்னவோ.

மறுநாள் விடிந்ததும் அடிபட்டவர்களையெல்லாம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மினி லாரியில் ஏறி மாமாவும் நானும் போனோம். வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அதில் அத்தை பெயர் இல்லை. பெயர் சொல்ல முடியாமல் மயக்கமாக இருப்பவர்கள் உள்ளே தனியாக இருக்கிறார்கள் என்று ஒரு நர்ஸ் சொன்னார். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விட்டார்கள். "மாமா, நீங்க போங்க" என்றேன்.

அவர் உள்ளே போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே வந்தார். என் பக்கத்தில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் எதுவுமே இல்லை.

"கெடச்சிட்டாங்களா மாமா?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "போய்ப் பாரு. உங்கம்மா கீறாங்க."

நான் புரியாமல் நின்றேன்.

"உயிரோட கீறாங்க மச்சான். போ."

கட்டில் இல்லாமல் தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். யாருடையதோ ஒரு நைட்டி. வலது காலில் கட்டு. தலைமுடி முழுக்க மணல். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் "சாப்ட்டியாடா?" என்றாள். நான் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சந்தோஷம் வந்தது, பொய் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷம் வாழ்க்கையில் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் அது வந்த அதே நொடியில் வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் ஞாபகமும் வந்தது. நேற்று நான் யார் மேல் மணலைப் போட்டேன் என்பது புரிந்துவிட்டது.

அம்மா விட்டு விட்டுச் சொன்னாள். கரையில் இரண்டு பேருக்கும் எந்த மீன் வாங்குவது என்று பேச்சு முற்றியிருக்கிறது. அம்மா கோபித்துக்கொண்டு பின்னால் மேட்டில் நின்றுவிட்டாள். அத்தை போட் கிட்டே போய்க் குனிந்து மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் முதலில் அத்தையைத்தான் எடுத்தது. அம்மாவை எங்கேயோ ஒரு வேலி தடுத்திருக்கிறது. யாரோ இழுத்துப் போட்டு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள்.

"சம்மந்தி எங்கடா?" என்று கேட்டாள். "தேடிகினு இருக்காங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாமா அங்கே இல்லை. ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினேன். அவர் எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஆளைப் பிடித்து, அவர் வண்டியில் தொற்றிக்கொண்டு அந்த மைதானத்துக்கே போனேன்.

பள்ளத்தை நிரப்பி மேடாக்கியிருந்தார்கள். மாமா மேட்டின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தோண்டச் சொல்லி அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறார். யாரை விலக்கி யாரை எடுப்பது என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எந்த எடம்?" என்றார்.

கையைக் காட்டினேன்.

"மொகத்தப் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா."

"எங்கம்மாவுக்கு எடது கையில பச்ச குத்தியிருக்கும். செலுவ. முழங்கைக்குக் கீழ. அதப் பார்த்தியா?"

கையை நான் பார்க்கவே இல்லை. தார்ப்பாய்க்குள் இருந்தது. அந்தப் புடவை எத்தனை பேருக்கு விற்றிருக்கும் என்று அப்போதுதான் எனக்குள் ஓடியது. கிறிஸ்துமஸ் விற்பனை, ஒரே அடுக்கில் எத்தனையோ இருந்தன. அது அத்தைதான் என்பதற்குக்கூட என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன் மாமா. இருந்துது" என்றேன்.

அவர் மேட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அதப் பார்த்தும் எப்டி மச்சான் உங்கம்மான்னு சொன்ன?"

அவர் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மணலின் மேல் கையை வைத்தார். அப்புறம் எழுந்து, நான் காட்டிய இடத்தில், கரையில் கிடந்த ஒரு பலகைத் துண்டை நட்டார். அதில் இன்னொரு துண்டைக் குறுக்கே வைத்துக் கட்டக் கயிறு தேடிக் கொடுத்தேன்.

செத்தவர்கள் பட்டியலில் அம்மா பெயர் வந்தது. காணாமல் போனவர்கள் பட்டியலில் அத்தை பெயர். ரேஷன் கார்டிலும் அம்மா பெயரை அடித்துவிட்டார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று எழுதி வாங்க ஒன்றரை வருஷம் அலைந்தோம். ஒவ்வொரு ஆபீஸிலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவேன். கட்டுப் பிரித்த காலோடு அவள் தாங்கித் தாங்கி நடந்து வந்து, "நான்தாங்க அது" என்பாள். ஒரு அதிகாரி, "அப்போ புதைச்சது யாரு?" என்று கேட்டார். கூட வந்திருந்த மாமா முன்னால் வந்தார்.

"எங்கம்மா சார். என் மச்சான் கையில பச்சயப் பார்த்திருக்கான். நான் கையெழுத்துப் போடறேன்."

போட்டார். அங்கே மட்டுமல்ல. சொந்தக்காரர்கள் கேட்டபோதும், சர்ச்சில் கேட்டபோதும் அதையே சொன்னார். நான் பொய் சொன்னேன் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் பொய்யை என்னைவிட அவர்தான் அதிகம் பேரிடம் சொன்னார்.

ஆனால் மூன்று கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. அக்காவையும் மகளையும் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். அம்மாவை அக்கா வீட்டில் பார்த்தால் நலம் விசாரிப்பார், தலையைக் குனிந்துகொண்டு. அம்மாவும் அவர் எதிரே உட்கார மாட்டாள். தான் பிழைத்ததற்கு ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவாள். நாலாவது வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அம்மா தட்டு வைத்தாள். சாப்பிட்டார். கைகழுவும்போது, "அத்த, கொழம்பு எங்கம்மா வெக்கிற மாதிரியே கீது" என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா போன வருஷம் இறந்தாள். மூச்சுத்திணறல், இரண்டு வாரம் படுக்கை. பெட்டியை மூடப் போகிற நேரத்தில் நான் பின்னால் கூட்டத்தில் நின்றிருந்தேன். மாமா வந்து என் கையைப் பிடித்து முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "அவசரம் ஒண்ணும் இல்ல. நல்லா பார்த்துக்கோ மச்சான்" என்றார். மூடியைப் பிடித்திருந்தவர்களைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார். நான் பார்த்து முடிக்கும் வரை அவர் என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

டிசம்பரில் வருஷா வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கடற்கரை மைதானத்துக்குப் போவோம். இந்தத் தடவை அவருக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் தனியாகப் போனேன். சவுக்கு நட்டு, வேலி போட்டு, புதிதாகச் சுற்றுச்சுவரும் வந்திருக்கிறது. மாமா நட்ட பலகை எப்போதோ மக்கிப்போனது. மர நிழலில் எல்லா இடமும் ஒன்று போலவே இருந்தது. கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு அவருக்கு போன் போட்டேன்.

"எந்தப் பக்கம் மாமா?"

"தண்ணி டேங்க் தெரியுதா?"

"தெரியுது."

"அதுக்கு முதுகு காட்டி நில்லு. நேரா நட. வேலிக்கு நாலடி முன்னால நில்லு."

நின்றேன்.

"அங்கதான்" என்றார். அந்தப் பக்கம் அக்கா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. "பூவ வெச்சிட்டு வெயிலு ஏர்றதுக்குள்ள கெளம்பு. அக்கா நாஸ்தா எடுத்து வெச்சிகினு கீது."